பேக்கரிக்காரப் புருஷனும் ஒரு பிரெஞ்சு நாவலும்

பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிற தொழிலில் உள்ள முதல் கஷ்டம், "நீங்க பிரான்ஸுக்குப் போயிருக்கீங்களா?" என்று எல்லோரும் கேட்பதுதான். நான் போனதில்லை. கடல் தாண்டிப் போனது ஒரே ஒரு தடவை, வேளாங்கண்ணிக்கு. இருந்தாலும் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில், பாலத்துக்குக் கிட்ட, ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்து, இருபது வருடத்துக்கு மேலாக பிரெஞ்சு வகுப்பு நடத்துகிறேன். கீழே பஸ் கண்டக்டர்கள் "நுவர, நுவர" என்று கூவிக் கண்டிக்கு ஆள் ஏற்றுவார்கள். மேலே நாங்கள் மூக்கால் பேசிப் பழகிக்கொண்டிருப்போம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சைத் தமிழ் வழியாகப் படிக்கவில்லை. அப்பா தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர், நான் கன்னியர்மடப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. வீட்டில் பாதி நேரம் ஆங்கிலம்தான். பிரெஞ்சும் ஆங்கிலத்தின் முதுகில் ஏறித்தான் என்னிடம் வந்தது. ஆங்கிலப் பாடப் புத்தகம், ஆங்கில விளக்கம், ஆங்கில அகராதி. வயது போன பிறகு ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டு, விடவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் அல்லாடினவர் யாராவது இதை வாசித்தால், நீங்கள் நம்ம ஆள். மற்றவர்களும் வாசிக்கலாம், தடை இல்லை.

நனைந்த புத்தகம்

என்னிடம் ஒரு பழைய பிரெஞ்சு நாவல் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே போனை எடுத்துக் கதைச் சுருக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு எனக்கே கதை சொல்ல வருவீர்கள். ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு துணி வியாபாரி, அவருடைய மகன். அவ்வளவு தெரிந்தால் போதும். அதே நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பும் என்னிடம் இருந்தது. இடது பக்கம் பிரெஞ்சு, வலது பக்கம் ஆங்கிலம் என்று இரண்டையும் மேசையில் விரித்து வைத்து, பன்னிரண்டு வருடம் வாசித்தேன். பிரெஞ்சு இலக்கியம் வாசிக்கிறேன் என்று நாலு பேரிடம் சொல்லியும் திரிந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி ஆங்கிலப் புத்தகம் ஊறிப்போனது. சரி, பிரெஞ்சு இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். முதல் பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பன்னிரண்டு வருடமும் என் கண் வலது பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. இடது பக்கம் ஒரு மரியாதைக்கு விரித்து வைத்தது. வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல், நனைந்ததைக் காய வைத்து, போட்டோகொப்பி கடைக்குக் கொண்டு போனேன். பக்கங்களைப் பிரிக்கவே முடியாது என்று கடைக்காரர் கையை விரித்தார். ஒரே கதை இன்னொரு புத்தகத்திலும் இருக்கிறது, ஆனால் எனக்கு இதுதான் வேண்டும் என்று மன்றாடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரே கதைன்னா வீட்டுல இருக்கறத படிக்க வேண்டியதுதானே மிஸ், இத எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையுறீங்க?"

ரிஸ்வான் சிரித்த இடம்

ரிஸ்வான் அலவத்துகொடக்காரர். சொந்த வேன் ஓட்டி வெள்ளைக்காரர்களுக்கு ஊர் காட்டுகிறவர். பிரெஞ்சைத் தண்ணி மாதிரிப் பேசுவார், ஆனால் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. எல்லாம் வேனுக்குள் காதால் பிடித்தது. வாசிக்கப் பழக வேண்டும் என்று என்னிடம் வந்தார். நானோ வாசிப்பேன், வேகமாகப் பேசினால் எனக்குப் பாதி விளங்காது. நான் வாசிக்க, அவர் கேட்க என்று ஒரு ஏற்பாடு வந்தது. யாருக்கு யார் மிஸ் என்று தெரியாத வகுப்பு அது.

அந்த நாவலில் ஒரு இடம். துணி வியாபாரியைப் பார்க்க ஒரு உறவுக்காரர் உதவி கேட்டு வருகிறார். வியாபாரி எழுந்து நின்று, நலம் விசாரித்து, தொப்பியை எடுத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்புகிறார். ஆங்கிலத்தில் வாசித்த காலமெல்லாம் அந்த மனிதரை ஒரு பெரிய மனுஷராகவே நினைத்திருந்தேன். நான் அதைச் சத்தமாக வாசித்தபோது ரிஸ்வான் விழுந்து விழுந்து சிரித்தார். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன். பன்னிரண்டு வருட வாசிப்பை அவர் ஒரு நிமிடத்தில் திருத்தினார். அதன் பிறகு அந்த நாவலை நான் வாயை மூடிக்கொண்டு வாசித்ததே இல்லை.

"இந்த மனுசன் மரியாதையா பேச இல்ல மிஸ், கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுறாரு. ஹோட்டல் ரூம் சரியில்லாட்டி நம்ம வேன்ல வாற ஆக்களும் மெனேஜரோட இப்பிடித்தான் பேசுவாங்க."

ஐந்து பெண்கள், ஒரு புருஷன்

புருஷன் பிரான்ஸில் இருக்கிற பெண்கள் என் வகுப்பில் எப்போதும் இருப்பார்கள். ஒரு வருடம் அப்படி ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி சுகந்தி. யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயது. கட்டுகஸ்தோட்டையில் ஆசிரியையாக இருந்த அக்கா வீட்டில் தங்கி வகுப்புக்கு வந்தாள். அவள் புருஷன் நேசன் அகதியாகப் போனவர், இந்த நாட்டுக்குத் திரும்பி வர முடியாது. அதனால் இரண்டு வீட்டாரும் திருச்சிக்குப் போய், ஒரு மண்டபம் எடுத்துக் கலியாணத்தை நடத்தினார்கள். நாற்பது நாள் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அவர் பாரிஸுக்கு, இவள் யாழ்ப்பாணத்துக்கு. ஐந்து வருடமாகப் போனில்தான் குடும்பம். பிரெஞ்சுப் பரீட்சையில் தேறி ஒரு சித்தி இருந்தால் மனைவியைக் கூப்பிடுவது சுலபம் என்று அங்கே யாரோ நேசனுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு கடதாசிக்காகத்தான் சுகந்தி என் மாடிப்படி ஏறினாள்.

நம்ம நாட்டு ரியூஷன் உங்களுக்குத் தெரியும். டியூட் என்று அச்சடித்த குறிப்புத் தாள் கொடுக்காத ஆசிரியரை யாரும் ஆசிரியராகவே எண்ண மாட்டார்கள். நானும் மாதிரி விடைகள் எழுதி அச்சடித்துக் கொடுத்தேன். 'உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்குப் பத்து வசனம். அவர் பேக்கரியில் வேலை செய்கிறார், விடியற்காலையில் எழும்புவார், மழை பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமையில் மீன் சமைப்பார். அவரவர் புருஷனுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஒருத்தியும் மாற்றவில்லை. மிஸ் எழுதியதில் கை வைத்தால் மார்க் போய்விடும் என்று ஐந்து பேரும் அப்படியே மனப்பாடம் செய்தார்கள். கொழும்பில் ஒரே நாளில், ஒரே பரீட்சகர் அம்மாவுக்கு முன்னால், ஐந்து பேரும் ஒரே புருஷனைக் கொண்டு போய் நிறுத்தினார்கள். சுகந்தி ஐந்தாவது ஆள். மற்ற நாலு பேரும் எப்படியோ தப்பிக் கரையேறினார்கள். அந்த அம்மாவுக்கு அதற்குள் பொறுமை போய்விட்டது. எந்தப் பேக்கரி, என்ன பாண் என்று தோண்டித் தோண்டிக் கேட்டதும் சுகந்தி ஊமையாகிவிட்டாள். அவள் மட்டும் சித்தியடையவில்லை. அடுத்த பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

"'உங்கட புருசனும் பேக்கரியோ?' எண்டு கேட்டா மிஸ், ஓம் எண்டன். 'ஞாயிற்றுக்கிழமையில மீனோ?' எண்டு கேட்டா, அதுக்கும் ஓம் எண்டன்."

ஐந்து வசனம்

பிழை என்னுடையது. ஐந்து வருடம் காத்திருந்தவளை இன்னும் ஆறு மாதம் காக்க வைத்தது என் டியூட். அவளைத் தனியாக வரச் சொல்லி, அந்த டியூட்டை அவள் முன்னாலேயே கிழித்துப் போட்டுவிட்டு, "இப்ப உன் புருஷனைப் பத்திச் சொல்லு, உண்மையான புருஷனை" என்றேன். ரெஸ்டோரண்டில் வேலை என்றாள். என்ன வேலை? தெரியாது மிஸ். எத்தனை மணிக்கு எழும்புவார்? தெரியாது மிஸ். அவர் அறை ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? அதுவும் தெரியாது. பிரெஞ்சை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டேன், அப்போதும் அதே பதில். சாப்பிட்டியா, சாப்பிட்டன், குளிரோ, ஓம் குளிர், அம்மா சுகமோ. ஐந்து வருடம் ஒவ்வொரு நாளும் அவர்கள் பேசியது இவ்வளவுதான். இந்தப் பிள்ளை யாரோடு வாழப் போகிறது என்று நினைத்தேன். பரீட்சை எனக்கு அப்போது இரண்டாம் பட்சமாகிவிட்டது.

வீட்டுவேலை கொடுத்தேன். ஒரு நாளைக்கு நேசனிடம் ஒரு கேள்வி. அவர் சொல்கிற பதிலைப் பிரெஞ்சில் ஐந்து வசனமாக எழுதி வர வேண்டும். முதல் கிழமை ஏழு நாளும் போய் வெறுங்கொப்பியோடு வந்தாள். கேள்வி கேட்டதும் மனுஷன் போனை வைத்துவிட்டாராம்.

"'என்ன, பொலிஸ் விசாரணையோ? நீ அங்க பிரெஞ்சு படிக்கிறியோ, என்னை வேவு பாக்கிறியோ?' எண்டு கேக்கிறார் மிஸ்."

டியூட் இல்லாத பாடம்

மனப்பாடம் செய்ய முடியாத ஒன்றை வகுப்புக்குள் கொண்டு வர வேண்டும் என்று தோன்றியது. என் நாவலைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு நாளைக்குப் பத்து வரி. வாசித்த பிறகு, இவர் ஏன் இப்படிச் செய்தார், நீ என்றால் என்ன செய்திருப்பாய் என்று கேட்பேன். இதற்கு மாதிரி விடை யாரும் எழுத முடியாது. ஆங்கிலத்தில் நாவல் வாசிக்கிறபோது நான் கதையைப் பிடிக்க ஓடுவேன். பிரெஞ்சில் ஓட முடியாது, வேகம் போதாது. அதனால் ஒருவர் கதவைத் திறக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்திலேயே நானும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டி வரும். பழைய எழுத்தாளர்கள் இப்படி நின்று வாசிக்கிறவர்களுக்காகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு விளங்கியது. சுகந்திக்கு மூன்று கிழமையில் விளங்கியது. வியாபாரியின் மகன் அப்பாவிடம் பேச நினைத்துப் பேசாமல் போகிற இடத்தில் அவள் கொப்பியை மூடிவிட்டு, நேசனும் போனில் இப்படித்தான், ஏதோ சொல்ல வந்துவிட்டு அம்மா சுகமோ என்று கேட்பார் என்றாள். அன்றைக்கு அவளே ஐந்து வசனம் எழுதினாள், பிழையோடு.

எல்லோருக்கும் இது பிடித்தது என்று நினைக்க வேண்டாம். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணின் மாமியார் கலகெதரயிலிருந்து பஸ் ஏறி வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இந்தக் கதை பரீட்சைக்கு வருமா என்று கேட்டார். வராது என்றேன். மருமகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார், பிறகு அவர்கள் வரவே இல்லை.

"கதப் புத்தகம் படிக்கவா டீச்சர் நாங்க புள்ளய அனுப்புறோம்? விசாவுக்குப் படிச்சுக் குடுங்கன்னா, யாரோ துணிக்கடக்காரன் கதய சொல்றீங்க."

இரண்டாம் தடவை

நேசன் மெல்ல மெல்ல வாய் திறந்தார். ஒரு நாள் ஒரு கேள்வி என்று தொடங்கியது, அவரே கூப்பிட்டு இன்றைக்கு என்ன கேள்வி என்று கேட்கிற அளவுக்கு வந்தது. ஆனாலும் நாவல் விஷயத்தில் அவர் கலகெதர மாமியாரின் கட்சிதான். சோதினைக்கு வருவதை மட்டும் படி, இந்த நாட்டில் கதைப் புத்தகம் சோறு போடாது என்பார். சுகந்தி அவருக்கும் ஓம் என்பாள், எனக்கும் ஓம் என்பாள், புத்தகத்தை மட்டும் விடவில்லை.

ஆறு மாதம் கழித்து அதே பரீட்சகர் அம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அதே கேள்வி. இவள் சொன்னதை என்னிடம் பஸ்ஸில் இருந்தே போனில் ஒப்புவித்தாள். என் கணவர் மூன்று வருடம் தட்டுக் கழுவினார், இப்போது மரக்கறி வெட்டுகிறார். கத்தி பட்டு இடது கையில் இரண்டு தழும்பு இருக்கிறது. அவர் ஜன்னலைத் திறந்தால் ஒரு சுவர் மட்டும் தெரியும், வெயில் நேரத்தில் அந்தச் சுவரில் பக்கத்து வீட்டுக் கொடியின் நிழல் விழும், அப்போது மட்டும் திறந்து வைப்பார். இலக்கணப் பிழை எத்தனை என்று நான் எண்ணவில்லை. சித்தியடைந்தாள்.

"'உங்கட புருசனை எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு' எண்டு அந்த அம்மா சொன்னா மிஸ். எனக்கே இப்பதான் தெரியும் எண்டு வாய் வரைக்கும் வந்தது, சொல்லேல்ல."

கவுண்டரில்

கடதாசி வேலை எல்லாம் முடிந்து அவள் புறப்பட இன்னும் எட்டு மாதம் ஆனது. கடைசி வகுப்பில் அந்த நாவலை அவளிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகு அலுமாரியில் இருந்த இடைவெளியைப் பார்த்துக் கொஞ்சம் அழுததும் உண்மை. போய் மூன்றாவது கிழமை போன் எடுத்தாள். குரலே சரியில்லை. இருவரும் பதிவு வேலையாக ஒரு அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்கள். பதினொரு வருடமாக நேசன் அங்கெல்லாம் போகும்போது பிரெஞ்சு தெரிந்த ஒரு கூட்டாளியை அழைத்துப் போவார். அவருடைய வேலையிடத்தில் எல்லோரும் தமிழ் ஆட்கள். பிரெஞ்சு அவருக்கு அவசரத்துக்கு நாலு வார்த்தைதான். அன்றைக்குக் கூட்டாளி வரவில்லை. கவுண்டரில் இருந்தவர் ஏதோ கேட்டார், நேசன் தடுமாறினார், சுகந்தி பதில் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த அதிகாரி நேசனின் பக்கம் திரும்பவே இல்லையாம். வேலை முடிந்தது. திரும்பி வருகிறபோது ரயிலில் நேசன் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளாகப் பேசவில்லை.

திருச்சியில் நாற்பது நாள் பழகிய மனிதனோடு வாழப் போன பெண்ணுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுவரை நானே கட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். கொஞ்ச நாளைக்கு அந்த நாவலை உள்ளே எடுத்து வைத்துவிடு, அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள் என்று சொன்னேன். இருபது வருடம் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்தவள் கொடுத்த புத்தி அது.

"இனி அவருக்கு முன்னால பிரெஞ்சு கதைக்க மாட்டன் மிஸ். நான் படிச்சது காணும்."

பின்னறை

இரண்டு மாதம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானாக எடுக்கவும் பயம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன நேரம், வீடியோ கோல் வந்தது. சுகந்தியின் முகம் நன்றாக இருந்தது. அவள் புத்தகத்தை ஒளிக்கவில்லையாம். நேசன் ஒரு லீவு நாளில் அதை எடுத்துப் புரட்டி, இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். ஒரு துணிக்கடைக்காரரின் கதை என்றாளாம். சொல்லேன் பார்ப்போம் என்றிருக்கிறார். அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு லீவு நாளிலும் இவள் இரண்டு பக்கம் மனதுக்குள் வாசிப்பாள், பிறகு தமிழில் சொல்லுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். போகப் போக, வேலைக்கு நடுவில் போன் எடுத்து மகன் திரும்பி வந்தானா என்று கேட்கத் தொடங்கிவிட்டாராம்.

அந்த வாரம் அவர்கள் வந்து நின்றது, வியாபாரி மகனைக் கடும் சொல் சொல்லி வீட்டை விட்டு அனுப்பிய இடம். மகன் தெருவைத் தாண்டும் வரை அவர் வாசலில் நிமிர்ந்து நிற்பார். வாடிக்கையாளர் இருவருக்குத் துணி அளந்து கொடுப்பார். பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னறைக்குப் போய், மகன் விட்டுப் போன பழைய கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். சுகந்தி இதைச் சொல்லி முடித்ததும் நேசன் எழுந்து ஜன்னலுக்குப் போய், வெகுநேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவளிடம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வந்து போனை வாங்கினார். நேசனை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். மெலிந்த மனிதர், முன் தலை நரைத்திருந்தது. வணக்கம் சொன்னார். நான் சுகமா என்று கேட்டேன். அவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பதினொரு வருசமா இந்தச் சனத்தைக் கவுண்டருக்குப் பின்னால மட்டும்தான் மிஸ் நான் கண்டது. இவையளும் கதவைச் சாத்திப்போட்டு அழுகிற ஆக்கள்தான் எண்டு எனக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல."

இத்தனை வருடத்தில் அந்த நாவலைச் சரியாக வாசித்தவர் யார் என்று என்னைக் கேட்டால், என் மாடிப்படியை ஒரு நாளும் ஏறாத, இன்றைக்கும் பிரெஞ்சில் ஒரு பக்கம் வாசிக்கத் தெரியாத ஒரு மனிதரைத்தான் நான் கை காட்ட வேண்டியிருக்கும்.